ஈயக் காசில் இருந்த நூல்

சென்ற மாதம் எங்கள் அருங்காட்சியகத்து ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் நிவேதிதா பேசினாள். புதிதாக எக்ஸ்ரே கருவி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். பழங்காசை அதன் கீழே வைத்தால் போதும், இன்ன உலோகம், இத்தனை பங்கு என்று திரையில் வந்துவிடுமாம். ஊற வைக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம். "இவ்வளவு வருஷமும் கையாலயேவா மேடம் பண்ணீங்க? புதுசா வர்றவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றாள். குரலில் பரிதாபம் இருந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

அவள் கேட்டது செய்முறைக் குறிப்பு. அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பை. அதைச் சரிசெய்ய எந்த ரசாயனமும் கிடையாது.

வேதியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்குத் திருவள்ளூரில், கோர்ட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இயங்கிய சிறிய அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பயிற்சிக்காகச் சில மாதங்கள் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய்வந்தேன். செம்புக்காசை எதில் ஊற வைப்பது, வெள்ளிக்காசை எதில் கழுவுவது, எப்போது மூங்கில் குச்சி, எப்போது பிரஷ் என்று கற்றுக்கொண்டு வந்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தேன் என்றும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போதிலிருந்தே தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

அதை ஒருவர் தினமும் இறக்கிவைத்தார். எங்கள் காப்பாட்சியர் கருணாகரன் சார். கத்துகிற மனிதர் இல்லை. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் இறங்கிவிடும், நாம் எட்டிக் குனிந்துதான் கேட்க வேண்டியிருக்கும். யாராவது காசு கொண்டுவந்தால் எந்த ராஜா, எந்த நூற்றாண்டு என்று அவர் கேட்கவே மாட்டார். காசு சுற்றிவந்த காகிதத்தைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, விழுகிற மண்ணைத் தனியாக ஒரு கவரில் போடுவார். அப்புறம் என்னிடம் ஒரு தாளை நீட்டுவார். அதற்கு 'வந்த நிலைக் குறிப்பு' என்று பெயர். காசின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படுவதற்கு முன்னால், அது எப்படி வந்ததோ அப்படியே எழுத வேண்டும். என்ன ஒட்டியிருந்தது, எதில் கட்டியிருந்தது, என்ன வாசனை, எதுவும் விடக்கூடாது. தெரியாவிட்டால் அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் தாள் திரும்பி வரும்.

எனக்கு இது கிறுக்குத்தனமாகப் பட்டது. நமக்குச் சம்பளம் காசுக்கு, அது வந்த பொட்டலத்துக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தாளை நிரப்புவேன். ஆனால் ஏனோதானோவென்றுதான்.

சாருடைய ஓய்வுக்கு ஆறு வருஷம் இருந்தபோது சேகர் வந்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை அவருக்கு. பொழுதுபோக்கு பழங்காசு சேர்ப்பது. ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் காயலான் கடைகளில் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து குவியலைக் கிளறுவார். அங்கே பழைய பேட்டரி ஈயமும் வரும், மீனவர்கள் போடும் பழைய வலைகளின் ஈயக் குண்டுகளும் வரும். எல்லாம் சேர்ந்து உருக்கும் உலைக்குப் போய்விடும். அந்தக் குவியலில் ஒன்றைக் கண்டுபிடித்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"மேடம், வலை குண்டுன்னு நெனச்சேன். தேச்சுப் பாத்தா கப்பல் தெரியுது மேடம்" என்றார்.

இரண்டு பாய்மரம் வைத்த கப்பல் பொறித்த ஈயக் காசு. நம் கடற்கரையில் அங்கங்கே கிடைக்கிற வகைதான். சாதவாகனர் காலம் என்பார்கள், பல்லவர் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எப்படியும் ஆயிரத்துச் சொச்சம் வருஷப் பழசு. பொன்னும் வெள்ளியும் பெரிய வியாபாரிக்கு. ஈயம் துறைமுகத்துச் சில்லறை. கப்பலிலிருந்து இறங்கியவன் கரையில் மீன் வாங்கக் கொடுத்திருப்பான் என்று சார் சொல்வார். அந்தக் காசே மீன்பிடிக்கும் வலைக்குக் குண்டாகி வந்திருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கோப்பதற்காக யாரோ அதில் ஓட்டை போட்டிருந்தார்கள். கப்பலின் அடியில் ஆணி வைத்துத் தட்டி, அது பாதியில் கோணிப்போக, பக்கத்திலேயே இன்னொரு ஓட்டையைச் சரியாகப் போட்டிருந்தார்கள். அந்தச் சரியான ஓட்டையில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் இருந்தது, முடிச்சோடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டி, காலடியில் இருந்த கூடையில் போட்டேன். அப்புறம்தான் தாளை எடுத்தேன். 'பிற்காலத் துளைகள் இரண்டு' என்று எழுதி, எடை, விட்டம் எழுதி, காசைக் கழுவி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். ஈயத்தை மரப்பெட்டியில் வைக்கக்கூடாது, மரத்தின் ஆவி பட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து மாவாகிவிடும். அதிலெல்லாம் நான் கெட்டி.

மறுநாள் சார் தாளைப் படித்தார். எழுந்து நின்றுதான் படிப்பார், தீர்ப்பு வாசிப்பவர் மாதிரி.

"ஓட்டை இருக்குன்னு எழுதியிருக்கீங்க கற்பகம். அதுல எதுவும் கோத்திருக்கலையா?"

"ஏதோ நூல் இருந்துச்சு சார். எடுத்துட்டேன்."

"என்ன நூல்?"

"வலை நூல்தான் சார்."

அவர் குரல் மிகவும் இறங்கியது. "எங்க இருக்கு?"

கூடையைக் காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். அதைச் சொன்னேன். அவர் தாளை மேஜைமேல் வைத்தார். ஒரு துண்டு நைலானுக்கு இத்தனை அலட்டலா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளூர் பத்திரிகை ஒன்றில் காசின் படத்தோடு சின்னச் செய்தி வந்தது. பத்து நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். பழவேற்காட்டு ஏரிக் கரையில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள், பெயர் எல்லம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம். செய்தித்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இது எங்க ஊட்டுக்காரரு வலையில இருந்ததும்மா" என்றாள்.

அவள் கணவன் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் தோணியில் ஏரிக்குப் போனவன். பத்து மணிக்குத் தோணி மட்டும் கரை தட்டியது. ஆளும் இல்லை, வீச்சு வலையும் இல்லை. ஒரு வாரம் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை.

"ஏரி சேத்துல எங்கியோ ஒரு சட்டி நெறைய இந்தக் காசு பாத்துக்கினாரு. எந்த எடம்னு எனக்கே சொல்லல. ஒன்னே ஒன்னு எடுத்தாந்து ஓட்டை போட்டாரு. மொத ஓட்டை கோணிக்கிச்சு, அப்பால பக்கத்துல ஒன்னு போட்டாரு. நான் பாத்துக்கினேதான் இருந்தேன். அந்தக் கோணல் ஓட்டைய வச்சுத்தான் படத்துல அடையாளம் தெரிஞ்சுது."

நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். அவள் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"நூலு எங்கம்மா?"

"எதுக்கு?"

"அவரு வெள்ள நூல்லதான் கட்டனாரு. போன அன்னிக்கும் வெள்ளதான். இதுல வெள்ள நூலு இருந்துச்சின்னா, அவரு கட்டனது கட்டனபடியே இருக்குதுன்னு அர்த்தம். தண்ணி எடுத்துக்கிச்சி, பொருள மட்டும் திருப்பிக் குடுத்துடுச்சி. ஊர்ல காரியம் பண்ண ஒத்துக்குவாங்க. வேற கலரா இருந்துச்சின்னா..." நிறுத்தினாள். "அப்பால யாரோ அவுத்து கட்டிக்கிறாங்க. அவரு உசுரோட கீறாருன்னுகூட அர்த்தம். இன்னா கலரும்மா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கத்தரிக்கோல் நினைவுக்கு வந்தது, கூடை நினைவுக்கு வந்தது, நூலின் நிறம் மட்டும் வரவில்லை. எதிரே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாலு வருஷமாகப் புருஷன் வருவான் என்று குங்குமத்தோடு காத்துக்கிடக்கிறாள், பாவம் என்று நினைத்தேன். தெரியாது என்று சொன்னால் இவள் ஆயுசு முழுக்க இப்படியே நிற்பாள். என் தப்பை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

"வெள்ளைதான்" என்றேன்.

அவள் மூச்சை விட்டாள். நீளமாக விட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் காரியம் முடிந்துவிட்டது, தாலியைக் கழற்றிவிட்டாள் என்று அவள் ஊர்க்காரர் ஒருவர் மூலம் தெரிந்தது. நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். சேகர் மறுபடி வந்தார். அதே காயலான் கடை, இன்னொரு காசு. கைக்குட்டையைப் பிரித்தார்.

அதே கப்பல் காசு. கப்பலின் அடியில் ஒரு ஓட்டை பாதியில் கோணியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று சரியாக இருந்தது. ஒரு மனிதன் ஒருமுறை கை தவறலாம். அடுத்த காசிலும் அதே இடத்தில், அதே கோணத்தில், அதே ஆழத்துக்கா கை தவறும்? முதல் காசை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. சரியான ஓட்டையில் நூல் கட்டியிருந்தது. பச்சை நைலான், புத்தம் புதியது. நனைந்திருந்தது.

"வழியில மழையா சேகர்?"

"இல்ல மேடம். மூணு நாளா என் அலமாரியிலதான் இருக்கு."

இந்தத் தடவை நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை. சார் பக்கத்தில் நின்றுகொண்டார், நான் தாளை நிரப்பினேன். நூல், பச்சை. நீளம் இவ்வளவு. முடிச்சு இடப்பக்கமாகப் போடப்பட்டது. ஈரம் உண்டு. உப்பு வாசனை உண்டு. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்து மூடினோம். நாலு நாள் கழித்துத் திறந்தபோது மணிகளெல்லாம் நிறம் மாறிக் கிடந்தன. நூல் ஈரமாகவே இருந்தது.

"உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும் கற்பகம். பயப்பட ஒன்னும் இல்ல" என்றார் சார். ஆனால் டப்பாவை அவர்தான் அவசரமாக மூடினார்.

எனக்குப் பயம் வேறு. சட்டி இருந்த இடம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படியானால் அவன் உயிரோடு இருக்கிறான், புதிதாகக் காசு எடுக்கிறான், ஓட்டை போடுகிறான். உயிரோடு இருக்கிறவன் மனைவியின் தாலியை என் ஒரு வார்த்தை கழற்றிவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலின் நிறம் தெரியாமலேயே வெள்ளை என்று சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று குனிந்து காத்திருந்தேன்.

"தெரியவில்லைன்னு எழுத உங்களுக்கு ஒரு கட்டம் குடுத்திருந்தேனே" என்றார். அவ்வளவுதான். அப்புறம், "நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

செங்குன்றம், பொன்னேரி என்று மூன்று பஸ் மாறிப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். எல்லம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வீட்டு வாசலிலேயே மீன் வறுத்து விற்கும் கடை போட்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது, ஆனால் ஆள் தேறியிருந்தாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

நான் டப்பாவை எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடியைத் திறந்து நீட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எங்க கெடைச்சுது?"

"கும்மிடிப்பூண்டி காயலான் கடையில."

"நான்தான் போட்டேன்" என்றாள். "எடைக்குப் போட்டா உருக்கிடுவாங்கன்னு போட்டேன். நீ இன்னாத்துக்குக்கா இத்த எடுத்து வச்சுக்கினுகீற?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எழுந்து என்னை உள்ளே கூட்டிப்போனாள். ஒரே அறை. பின்பக்கம் ஏரியைப் பார்த்த கதவு, உள்ளே இரும்புக் கொண்டி. கொண்டியின் கீழே மரத்தில், தண்ணீர் சொட்டிக் காய்ந்த உப்புத் தடம் வெள்ளையாக இறங்கியிருந்தது.

"காரியம் பண்ணி மூணா நாளு மொத காசு இந்தக் கொண்டியில தொங்கிக்கினு இருந்துச்சி. உள்ளார. கதவு சாத்திக்கிறேன், நான் உள்ள கீறேன், கடைக்கு மாவு பெசஞ்சுக்கினு கீறேன், பட்டப்பகல். திரும்பிப் பாத்தா தொங்குது. இது வரிக்கும் அஞ்சு வந்துக்குது. அஞ்சும் பச்ச நூலு. அஞ்சுலயும் அந்தக் கோண ஓட்ட."

"எல்லம்மா, அவர் உயிரோட இருக்கார்மா" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் செஞ்ச தப்பு. நீ அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தே..."

"யாருக்கு?" என்றாள்.

ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே தோள்வரை, நீளநீளமாகப் பழைய தழும்புகள். வலைக் கயிற்றால் அடித்தவை என்று சொன்னாள். காலிலும் முதுகிலும் இருக்கிறதாம். பத்து வருஷம். தோணி மட்டும் தனியாகக் கரை தட்டிய அன்றைக்குத்தான் அவள் கல்யாணமானதற்கு அப்புறம் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாளாம். அப்புறம் நாலு வருஷமும் ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள். வந்துவிடுவானோ என்று. என்னைத் தேடி வந்தது அதைத் தெரிந்துகொள்ளத்தான். நான் வெள்ளை என்று சொன்னபோது அவள் விட்ட நீண்ட மூச்சின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானைக்குள் அவள் அழவில்லை. எனக்கு அந்தக் கதவின் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நீ சொன்னத நம்பித்தான்க்கா தைரியமா கீறேன்" என்றாள். "வெள்ளன்னா அவன் அன்னிக்கே செத்துட்டான். அப்ப இத்த மாட்றது ஆளு இல்ல. நான் எந்த ஊருக்கு ஓடனாலும் வரும், ஓடி பிரயோஜனம் இல்ல, இங்கியே இருந்துக்கலாம்னு இருந்துட்டேன். பச்சையா இருந்துக்குதுன்னா அவன் உசுரோட கீறான். ஆளுன்னா போலீசுக்குப் போவலாம். ஊத்துக்கோட்டைல எங்க அண்ணன் கீறான், அங்க போயிடலாம். ஆள கண்டா தப்பிச்சுக்கலாம்க்கா. அதான் திருப்பியும் கேக்கறேன், நல்லா நெனப்பு பண்ணிச் சொல்லு. அந்த மொத காசுல வெள்ளதான இருந்துச்சி?"

வெளியே சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைகிற வாசனை வந்தது. என் கையிலிருந்த டப்பாவுக்குள் நூலின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நான் மறுபடி யோசித்தேன். ஆய்வுக்கூடத்து மேஜையை, விளக்கை, என் விரல்களை, கத்தரிக்கோலை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். எத்தனையோ நாள் அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன், இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரைக்கும்.

"தெரியாது எல்லம்மா" என்றேன். "நான் பாக்கவே இல்ல. வெட்டிக் குப்பையில போட்டுட்டேன். உனக்கு நல்லதுன்னு நெனச்சு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வாசலுக்குப் போய் அடுப்பைக் குறைத்தாள். கருகிப்போன இரண்டு துண்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பின்கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டுத்துக்கும் பயந்துக்கினு கெடக்கணும்" என்றாள்.